அத்தியாயம் 6: இரண்டாம் முறை கதவைத் தட்டுவது

2020 ஆடிக் கிருத்திகைக்குக் கொரோனாவால் திருத்தணி மலையில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. 2021இலும் அதே கதை. வெளியூர்க்காரருக்கு அது ஒரு திருவிழா தள்ளிப்போன செய்தி. ஊர்க்காரருக்கு அது ஒரு வருஷத்துச் சம்பாத்தியம். பூ கட்டுகிறவர், காவடி வாடகைக்கு விடுகிறவர், மொட்டை அடிக்கிறவர், தேங்காய் பழத் தட்டு விற்கிறவர், மலைப்பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவர், லாட்ஜில் அறை கூட்டுகிறவர் என்று அந்தத் திருவிழா நாட்களையும் டிசம்பர் 31 படித் திருவிழாவையும் நம்பிக் கடன் வாங்கியவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆடியில் அடைத்துவிடலாம் என்று வாங்கிய பணம் அடுத்த ஆடிக்கும் அப்படியே நின்றது, வட்டியோடு.

பிறகு கூட்டம் திரும்பி வந்தது. 365 படியிலும் மஞ்சள் குங்குமம், அரோகரா, சர்க்கரைப் பொங்கல். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாமும் நினைத்துக்கொண்டோம். இந்த அத்தியாயம் அப்படிச் சரியாகாத வீடுகளைப் பற்றியது. மகளிர் குழுத் தலைவி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், வார்டில் நாலு பேருக்குத் தெரிந்தவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. மனநல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஏன் பின்னால் வருகிறது

தொற்று பரவிய முதல் மாதங்களில் தற்கொலைகள் பெருகும் என்று உலகமே பயந்தது. அப்படி நடக்கவில்லை. 21 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை எங்கும் பெரிய ஏற்றம் தெரியவில்லை. ஜப்பானில் முதலில் குறைந்தே போனது. அந்த ஆண்டின் பிற்பாதியில்தான் ஏறியது, அதிலும் பெண்களிடம் கூடுதலாக. எல்லோரும் ஒரே கஷ்டத்தில் இருக்கும்போது ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறோம். ரேஷன் அரிசி வருகிறது, தவணையைத் தள்ளிப் போடுகிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வருகிறது. ஊர் வழக்கத்துக்குத் திரும்பிய பிறகு, திரும்ப முடியாமல் போனவர் தனியாகிவிடுகிறார்.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில் 2019இல் 13,493 தற்கொலை மரணங்கள். 2020இல் 16,883. 2021இல் 18,925. ஊரடங்கெல்லாம் முடிந்து கடை திறந்த 2022இல் 19,834. தொற்று ஒன்றுதான் காரணம் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. ஆனால் ‘கொரோனா போயிடுச்சே, இனிமே என்ன’ என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம். இன்னொன்றும் காட்டலாம்: 2021இல் இந்தியாவில் இப்படி இறந்தவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலி, 42,004 பேர்.

ஆகவே எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதில் குழப்பம் வேண்டாம். வருமானம் நின்ற வீடு, மரணம் நடந்த வீடு, ஏற்கெனவே ஒருமுறை யாராவது முயன்று பிழைத்த வீடு. மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இன்றே போங்கள்.

தறிச் சத்தம் நின்ற வீடு

திருத்தணியைச் சுற்றி அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை பக்கமெல்லாம் விசைத்தறி ஊர்கள். அங்கே தெருவில் நடந்தால் பேச்சுக் காதில் விழாது, தறிச் சத்தம்தான். எந்த வீட்டில் சத்தம் இல்லை என்று கவனியுங்கள். கரண்டு போயிருந்தால் தெருவே அடங்கும். ஒரு வீடு மட்டும் அடங்கியிருந்தால் பாவு வரவில்லை, அல்லது பாவு இருந்தும் ஓட்டுகிற ஆள் எழுந்திருக்கவில்லை. முதலாவதென்றால் பணக் கஷ்டம். இரண்டாவது அதைவிடக் கவலைக்குரியது. வேலை இருந்தும் ஓட்டப் பிடிக்காமல், தறிப் பக்கம் போகாமல், குளிக்காமல், பிள்ளைகளிடம் எரிந்து விழுந்து, ராத்திரி மூன்று மணிக்கு விழித்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்தும் பேச்சும் சேர்ந்தால் குணமாகக் கூடியது.

கூடவே குடியைப் பாருங்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட, எப்போதிலிருந்து கூடியது என்று கேளுங்கள். ‘லாக்டவுன்ல ஆரம்பிச்சது’ என்கிற பதில் அடிக்கடி வரும். போதையில் எடுக்கும் முடிவுக்கு யோசனை நேரம் கிடையாது. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ரம்மியும் அதே காலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததுதான். இளைஞர் இருக்கிற வீட்டில் அதையும் விசாரியுங்கள்.

மரணம் நடந்த வீடுகள் வேறு விதம். 2021 இரண்டாம் அலையில் செத்தவர்களுக்கு நம் முறைப்படி எதுவும் நடக்கவில்லை. உடலைக் குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, பெண்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. பல வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட ஆள் சேரவில்லை. ‘முகத்தையே பாக்கலையே’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற மனைவியிடம், ‘போனவங்க போயிட்டாங்க, இருக்கிற பிள்ளைங்கள பாரு’ என்பது பேச்சை அடைக்கிற பேச்சு. ‘கடைசியா அவரு உங்க கிட்ட என்ன பேசினாரு?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அடுத்த திதிக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, அன்று விட்டுப்போன முறைகளை இப்போது செய்யலாமா என்று வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். தாமதமாகச் செய்தாலும் அழ இடம் கிடைக்கிறது. இது மருத்துவ முறை என்று யாரும் பட்டியலில் எழுத மாட்டார்கள், ஆனால் என் கணிப்பில் பல மாத்திரைகளுக்குச் சமம்.

இந்த ஊருக்கே உரிய ஒரு குற்ற உணர்ச்சி உண்டு, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டு ரெண்டு வருஷம் எடுக்கல, அதான் முருகன் புள்ளைய எடுத்துக்கிட்டான்.’ இதைக் கேட்டதும் பகுத்தறிவு பேசி மடக்க வேண்டாம். முருகன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான் என்று பிரசங்கமும் வேண்டாம். ‘கோயில் நடையே சாத்தியிருந்துதுக்கா, நீங்க எப்படி எடுத்திருக்க முடியும்?’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இந்த ஆடிக்குக் கூட வருகிறேன் என்று சொன்னால் இன்னும் நல்லது. சொன்னால் போக வேண்டும்.

கேட்கிற விதம்

‘இன்னாக்கா, நாலு நாளா கடைப்பக்கமே காணோம்?’ என்று ஆரம்பிக்கலாம். சாப்பாடு, தூக்கம், பிள்ளைகள். தெலுங்கு பேசுகிற வீடென்றால் தெலுங்கிலேயே பேசுங்கள். ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கம் பெண் கொடுத்து எடுத்த ஊர் இது. வாய் தமிழ் பேசினாலும் அழுகை தாய்மொழியில்தான் வரும். ‘அன்னம் தின்னாவா?’ என்கிற ஒரு கேள்வி திறக்கிற கதவை அரைமணி நேரத் தமிழ் ஆலோசனை திறக்காது.

அப்புறம் நேராகக் கேட்க வேண்டும். இதற்குத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கொடுத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் தேவையில்லை என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். கேட்டதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. ஒளித்து வைத்திருந்தவருக்கு இறக்கி வைக்க இடம் கிடைக்கிறது. படிப்படியாகப் போங்கள். ‘எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடலாம்னு தோணுதாண்ணே?’ ஆமாம் என்றால், ‘செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?’ அதற்கும் ஆமாம் என்றால், ‘எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? எப்போன்னு?’ குரலை மாற்றாமல், கண்ணைப் பார்த்து.

வழியும் நேரமும் யோசித்து வைத்திருப்பவரைத் தனியே விட்டுவிட்டு எழுந்து வரக்கூடாது. வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘யார் கிட்டயும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கப் பார்ப்பார். அந்தச் சத்தியத்தைக் கொடுக்காதீர்கள். ‘ஊருக்குச் சொல்ல மாட்டேன். உங்க உயிரைக் காப்பாத்த யாரு வேணுமோ அவங்ககிட்ட சொல்லுவேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொல்லக் கூடாதவை சில: ‘பிள்ளைங்க முகத்தைப் பாத்தா இப்படித் தோணுமா?’, ‘உன்னைவிட கஷ்டப்படுறவங்க இல்லையா?’, ‘கோழை மாதிரி பேசாத.’ மூன்றும் அன்பில் வருகிற வார்த்தைகள்தான். கேட்கிறவருக்கு மூன்றும் குற்றச்சாட்டு.

ஒன்பது முறை

இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிப்பேன் என்கிறவர் இதைப் படிக்கட்டும்.

உலக சுகாதார அமைப்பு 5 நாடுகளில் ஒரு ஆய்வு நடத்தியது. சென்னை அதில் ஒரு களம், இலங்கையின் கொழும்பு இன்னொன்று. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்துக்குள் 9 முறை வீட்டுக்குப் போயோ தொலைபேசியிலோ விசாரிப்பு. ‘எப்படி இருக்கீங்க, ஏதாவது உதவி வேணுமா?’ என்பதைத் தாண்டிப் பெரிய வித்தை எதுவும் இல்லை. 2008இல் வெளிவந்த முடிவு: விசாரிக்கப்படாதவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

சென்னையில் அந்தப் பணியை நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், 1986இல் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கியவர். தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களிலும் பின்னாளில் இதே வழியில், முகாம்வாசிகளையே பழக்கி, வீடு வீடாகப் போய் விசாரிக்க வைத்துப் பலன் கண்டார்கள். போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஆய்வில் போன நாட்கள் இவை: 1, 2, 4, 7, 11ஆம் வாரம், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதம். முதலில் நெருக்கம், போகப் போக இடைவெளி. உங்கள் வீட்டுச் சுவரில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் இருக்கும். பால் கணக்கு எழுதுகிற அதே கட்டத்தில் அந்தத் தேதிகளைக் குறித்து வையுங்கள். பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்கு வருகிறவர் படித்துவிடுவார். ஒரு புள்ளி போதும்.

முதல்முறை போவது யாருக்கும் வரும். செய்தி கேட்டதும் தெருவே போய் நிற்கும். ஏழாவது வாரம் யாரும் போவதில்லை. போய் என்ன பேசுவது என்ற கூச்சம். ‘மறுபடியும் வந்துட்டாங்களே’ என்று நினைப்பார்களோ என்ற தயக்கம். ஒரு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து கொண்டுவந்த விபூதி, பிள்ளையின் பள்ளிப் படிவம், ரேஷன் கடையில் இன்று பாமாயில் போடுகிறார்கள் என்ற செய்தி. வாசலில் நின்று இரண்டு நிமிஷம் பேசினாலும் அது ஒரு முறைதான். உள்ளே கூப்பிட்டு டீ போட்டால் குடியுங்கள். கொடுக்க முடிகிறது என்பது அவருக்கு அன்றைக்குத் தேவையான விஷயம். கதவைத் திறக்காவிட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் போங்கள். ‘எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வராதீங்க’ என்று முகத்திலடித்தாற்போல் சொன்னால் மூன்று நாள் விட்டுக் கைப்பேசியில் ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். ஒரே ஆள் 18 மாதம் போக முடியாது. இரண்டு பேராக எடுத்துக்கொண்டு மாறி மாறிப் போங்கள். யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடன்காரர் வருகிற நேரம்

குழுக் கடன் வாங்கிய பெண்களுக்கு வாரக் கூட்டம் நடக்கும் கிழமைதான் கடினமான நாள். 2020இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பாக்கியை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கியவர்கள், அதை அடைக்கக் கந்து வட்டிக்குப் போனவர்கள் என்று சங்கிலி நீண்டது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், விரட்டுகிறவர்களும் அதே தெருக்காரிகள்.

இவர்களுக்கு ஆறுதலைவிட விவரம் உதவும். 2022 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொடர்புகொள்ளக் கூடாது. வீட்டு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது. கந்து வட்டிக்கு எதிராக 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. ஒரு தாளில் எல்லாக் கடனையும் வரிசையாக எழுத உட்காருங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை. மனதுக்குள் மலையாக இருந்தது தாளில் ஒரு தொகையாக வந்து நிற்கும். எதை முதலில் பேசித் தீர்க்கலாம் என்று கேட்க அப்போதுதான் முடியும்.

வரவேண்டியது வந்ததா என்றும் பாருங்கள். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.50,000, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழக அரசின் ரூ.5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்திருந்தால் ரூ.3 லட்சம். இறப்புச் சான்றிதழில் காரணம் வேறாக இருந்து விட்டுப்போன வீடுகள் இருக்கலாம். விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார்களா என்று கேளுங்கள்.

கைக்கு எட்டாமல்

தற்கொலை எண்ணத்தின் உச்ச நேரம் பலருக்குச் சில நிமிஷங்கள், சில மணி நேரங்கள்தான். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். வேறு வழி தேடிப் போவார்கள் என்பது நாம் நினைக்கிற அளவுக்கு உண்மை இல்லை. இலங்கை இதற்குச் சாட்சி. கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில் 1995க்கும் 2015க்கும் இடையில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நம் பக்கம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டுப் பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். சாவி விவசாயியிடம், பெட்டி கிடங்கில். ஒத்துவந்தது.

திருத்தணிச் சுற்றுவட்டாரத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற வீடுகளில் மருந்து டப்பா எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பரண்மேல், மாட்டுக் கொட்டகையில், கட்டிலடியில் என்பார்கள். கொஞ்ச நாளைக்கு மாமன் வீட்டுக் கிடங்கில் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மொத்தமாக அவரிடம் விடாமல் மகளோ மருமகளோ வாரத்துக்கு எடுத்துக் கொடுக்கட்டும். இதை அவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். ‘உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல நைனா, அந்த நேரத்து மேல நம்பிக்கை இல்ல.’

மலையும் ஆஸ்பத்திரியும்

சாமியாடியிடம் போகிறார்கள், மந்திரிக்கிறார்கள், செய்வினை என்கிறார்கள். தடுக்காதீர்கள். தடுத்தால் உங்களை விட்டுவிட்டு அங்கே போவார்கள். கயிறும் கட்டட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: யாரையும் எங்கேயும் கட்டிப் போடக் கூடாது, தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள்.

அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று புறநோயாளிப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘மனநலம்’ என்ற பலகைக்கு முன் நிற்கக் கூச்சப்படுவார். சீட்டு வாங்குவதிலிருந்து நீங்கள் கூட நில்லுங்கள். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதையும், நன்றாகிவிட்டது என்று தானே நிறுத்தக் கூடாது என்பதையும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும்.

முயன்று பிழைத்தவரைக் கொண்டுபோகும்போது, போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து டாக்டரிடம் பொய் சொல்வார்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மறைத்தால் சிகிச்சை தவறும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். வந்து கேட்டால் நடந்ததைச் சொன்னால் போதும்.

கோயில் ஊர் என்பதால் ஒரு வார்த்தை லாட்ஜ், ஆட்டோ, கடைக்காரர்களுக்கு. வெளியூரிலிருந்து தனியாக வந்து, பையில்லாமல், சாப்பாட்டில் மனமில்லாமல், எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவரிடம் ‘யாரு கூட வந்தீங்க? சாப்டீங்களா?’ என்று கேளுங்கள். மேலே நாள் முழுதும் அன்னதானம் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, வீட்டு எண்ணை வாங்கிப் பேசுங்கள்.

எண்கள்

14416, அரசின் இலவச மனநல ஆலோசனை எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். 104, மாநில மருத்துவ உதவி எண். சிநேகா, 044-24640050. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. உயிர் ஆபத்து என்றால் 108.

எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த நிலையில் இருப்பவர் புது எண்ணுக்குத் தானே போட மாட்டார். நீங்கள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ‘என் பக்கத்துல எங்க அண்ணன் ஒருத்தர் இருக்காரு, ரெண்டு மாசமா தூக்கமில்ல, மனசு சரியில்ல, அவரு பேசுவாரு’ என்று முதல் பேச்சை நீங்கள் தொடங்கி, போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். முடித்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அடுத்து எப்போது பேசச் சொன்னார்களோ அந்தத் தேதியையும் காலண்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.